விளக்கு மங்கியது உண்மைதான்

சாவியை நீ ஆணியில்தான் மாட்டினாய்.

உனக்கே தெரியும். பால் வாங்கிவிட்டு உள்ளே வந்தாய், கதவைச் சாத்தினாய், சாவியை ஆணியில் மாட்டினாய். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆணி காலி. "உனக்கு மறதி முத்திப்போச்சு, டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்று அவன் கத்துகிறான். மாமியார் உச்சுக் கொட்டுகிறார். நீ கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள் என்று வீட்டையே புரட்டுகிறாய். கடைசியில் அவன் பேன்ட் பையிலிருந்தே சாவி வருகிறது. "நீதான் இதுல போட்டிருப்பே" என்கிறான். அப்போது நீ என்ன செய்தாய்? மன்னிப்புக் கேட்டாய்!

நிமிர்ந்து உட்கார். இன்றைக்கு உன்னிடம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசப்போகிறேன்.

இந்த வித்தை பழையது. பேட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1938-ல் இதை வைத்து 'கேஸ் லைட்' என்று ஒரு நாடகமே எழுதினார். 1944-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. மனைவியாக நடித்த இன்கிரிட் பெர்க்மனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. லண்டனில் ஒரு வீடு. கணவன் நகை தேடி ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பரண் அறைக்கு ஏறுகிறான். அங்கே எரிவாயு விளக்கை அவன் ஏற்றியதும் கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகிறது. தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்கிறது. எல்லாம் உன் பிரமை என்று அவளை நம்பவைக்கிறான். பொருளை அவனே ஒளித்துவைத்துவிட்டு நீதான் தொலைத்தாய் என்கிறான். நாளாக நாளாக, தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளே முடிவுகட்டிவிடுகிறாள். பிறகு ஒரு போலீஸ்காரர் அந்த அறைக்குள் வருகிறார். அவர் கண் முன்னாலேயே விளக்கு மங்குகிறது. ஆமாம், மங்குகிறது என்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் திரும்புகிறது.

'கேஸ்லைட்டிங்' என்று இன்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இந்த விளக்கிலிருந்து வந்த சொல். அந்தப் போலீஸ்காரர் சொன்னதைத்தான் நானும் உனக்குச் சொல்ல வந்தேன்: விளக்கு மங்கியது. உன் கண்ணில் கோளாறு இல்லை.

தன்னம்பிக்கை என்றாலே கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்வது என்று யாரோ நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மேடைப் பேச்சாளர்களுக்கு அது வசதி, கைதட்டல் கிடைக்கும். நீ அந்தச் சொல்லைப் பிரித்துப் பார். தன் மேல் நம்பிக்கை. தன் கண் மேல், தன் காது மேல், தன் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை. உன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடப்பட்டது அதுதான். நகை போனால் புகார் கொடுப்பாய். இது போனதற்கு நீயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

அவன் 'நார்சிசிஸ்ட்'டா, அதாவது தன்னைத் தவிர யாரையும் நினைக்காத ஆளா என்று கேட்கிறாய். யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருப்பாய். இப்போதெல்லாம் மாமியாரிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அந்தப் பட்டம் கொடுத்தாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல்தான் அதை ஓர் ஆளுமைக் கோளாறாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். இப்போதைய கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் உண்டு. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதையும் பயிற்சி பெற்றவர் நேரில் பேசித்தான் சொல்ல வேண்டும். அவனுக்குப் பெயர் வைப்பது உன் வேலையா? பாம்பு எந்த வகை என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டா நிற்பாய்? முதலில் காலை எடு!

அந்தப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்த கிரேக்க நார்சிஸஸ் கதையில் நம் ஆட்கள் ஒருத்தியை மறந்துவிடுவார்கள். குளத்தில் தன் முகத்தையே பார்த்து மயங்கிய அழகனை எல்லாருக்கும் தெரியும். அவனை விரும்பிய எக்கோ என்ற பெண்ணை யாருக்குத் தெரியும்? அவளுக்குச் சொந்தமாகப் பேச வராது, அடுத்தவர் பேச்சின் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்ல முடியும். உருகி உருகி உடம்பு அழிந்து, வெறும் எதிரொலியாக மிஞ்சினாள். "சாப்பாடு சரியில்ல" என்றால் "சரியில்லதான்" என்கிறாய். "உன் தங்கச்சி சரியில்ல" என்றால் அதற்கும் தலையாட்டுகிறாய். கடைசியாக நீயாக ஒரு வாக்கியம் பேசியது எப்போது?

"அவருக்குச் சின்ன வயசுல அப்பா பாசமே கிடைக்கல, அதான்" என்கிறாய். இருக்கலாம். காயம் பட்டவன் காயப்படுத்துவதும் உண்டு. ஆனால் அவன் அப்பா கொடுக்காத பாசத்துக்கு உன் ஆயுளை வட்டியாகக் கட்டச் சொல்லி எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாய்?

எனக்குத் தெரியும், நீ ஏன் இன்னும் இருக்கிறாய் என்று. அவன் எப்போதும் கெட்டவனாக இல்லை. நாலு நாள் பேசாமல் கொல்வான். ஐந்தாம் நாள் அல்வாவும் மல்லிகைப் பூவுமாக வந்து நிற்பான். (அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது என்று நம் சனங்கள் சும்மாவா வைத்தார்கள்!) அந்த ஐந்தாம் நாளுக்காக நாலு நாளைப் பொறுத்துக்கொள்கிறாய். உளவியலாளர் ஸ்கின்னர் இதைப் புறாக்களிடமே பார்த்துவிட்டார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்றே தெரியாமல் எப்போதாவது தீனி பெற்ற புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரிச் சீட்டும் இப்படித்தான் குடும்பங்களைத் தின்றது. 2003-ல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. உன் வீட்டுக்குள் நடக்கிற லாட்டரியை யார் தடை செய்வது?

"என்னால முடியாது. எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன்." இதுதானே உன் அடுத்த பதில்? அப்படியானால் இதைக் கேள்.

1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளைஞர்கள் நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கொடூரமான ஆய்வு, படிக்கும்போது வயிறு கலங்கும். சில நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. அடுத்த நாள் எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். ஒரு தாவு தாவினால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் தாவியது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலான நாய்கள் அப்படியே படுத்து முனகின. கட்டிப்போடவில்லை, கதவும் இல்லை. தாண்டும் உயரத்தில் ஒரு தடுப்பு மட்டும்தான்.

இதற்கு 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று பெயர் வைத்தார்கள். ஐம்பது ஆண்டு உலகமே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2016-ல் அதே இருவரும், நரைத்த தலையோடு, நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று எழுதினார்கள். மூளையை ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்தது வேறு. நீண்ட வலிக்கு முன்னால் முடங்கிப்போவது உயிர்களின் இயல்பான எதிர்வினை. அதை யாரும் கற்பதில்லை. 'என் செயலுக்குப் பலன் உண்டு' என்பதைத்தான் மூளை கற்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதைக் கண்டுகொண்டதும் முடக்கத்தை அடக்குகிறது.

புரிகிறதா? நீ கோழை இல்லை! உன் மூளை செய்தது எந்த உயிரின் மூளையும் செய்வதுதான். நீ கற்க வேண்டிய பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைக் கற்க வயது தடையில்லை. படுத்துக் கிடந்த நாய்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? தீனி காட்டியபோது அவை அசையவில்லை. கழுத்துவாரைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தார்கள். ஒரு தடவை இழுத்தால் போதவில்லை. திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் பிறகு அவை தாமாகவே தாண்டின. ஏழு தடவை கிளம்பி ஏழு தடவையும் திரும்பி வந்ததாக அழுகிறாயே, எட்டாவது தடவைக்கு உன் கால் பழகிக்கொண்டிருக்கிறது என்று ஏன் நினைக்கக் கூடாது? கைப்பிடித்து இழுக்க ஒரு ஆளைத் தேடு. அக்காவோ, பழைய வகுப்புத் தோழியோ, எதிர் வீட்டு டீச்சரோ. 'அவர் ரொம்ப நல்லவராச்சே' என்று தொடங்குகிறவர்களிடம் மட்டும் சொல்லாதே.

அடி விழுந்தால்தான் கேஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. இழிவான பேச்சையும், மனத்தை வதைப்பதையும், பணத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் அது வன்முறை என்றே எழுதிவைத்திருக்கிறது. வீடு அவன் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை உனக்கு உண்டு. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181-ஐ அழைத்தால் பெண்களுக்கான உதவி, 14416-ஐ அழைத்தால் மனநல ஆலோசனை, அதுவும் தமிழில். (அந்தச் சட்டம் பெண்களுக்கானது. ஆனால் அம்மாவிடமோ மனைவியிடமோ இதே வதையைத் தின்னும் ஆண்களும் உண்டு. தம்பி, அந்த இரண்டாவது எண் உனக்கும்தான்.)

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். நான் கொளுத்திவிட்டேன் என்று இன்று ராத்திரியே அவன் முன்னால் போய் நின்று 'உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று முழங்காதே. பிடி நழுவுகிறது என்று தெரியும் நேரத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் அபாயமாவார்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வெளியில் யாரிடமாவது இருக்கட்டும். கையில் கொஞ்சம் பணம் சேரட்டும். சத்தமில்லாமல் செய். சத்தம் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பால் கணக்கு நோட்டில் எழுதினார். முன்பக்கத்திலிருந்து அரை லிட்டர், முக்கால் லிட்டர். நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு. தேதி, மணி, நடந்தது, அவன் சொன்னது. அழுகை கிடையாது, திட்டு கிடையாது. பால் கணக்கை எந்த ஆண் புரட்டிப் பார்க்கிறான்? ஆறு மாதம் எழுதினார். வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தபோது, எது எப்போது நடந்தது என்று கேட்டதும் அவருக்கு நாக்குக் குழறவில்லை. நோட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தார். அதில் முதல் வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

'காலை 6.40. சாவியை ஆணியில் மாட்டினேன்.'