கருணையும் கடனும்

இழப்புக்கு ஆளான குடிமகனுக்கு அரசு கொடுக்கும் பணம் கருணையா, கடனா என்பது அரசறத்தின் பழைய கேள்வி. கருணை என்றால் கொடுப்பவரின் மனமே அளவு. பெறுபவர் கேள்வி கேட்க முடியாது. கடன் என்றால் இழப்பே அளவு. பெறுபவர் கணக்குக் கேட்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டையும் அருகருகே காணலாம். அர்ச்சுனா ஆற்றில் ஆனைக்குட்டம் அணை இருக்கிறது. அத்தகைய அணைக்காக இன்று நிலம் எடுத்தால், 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி அறிவிப்பு, ஆட்சேபணை விசாரணை, மதிப்பீடு ஆகியவை முடிந்த பிறகே மாவட்ட ஆட்சியர் தீர்வம் பிறப்பிக்க வேண்டும். இழப்பீட்டுடன் நூறு சதவீத ஆறுதல் தொகையும் சேரும். தொகை போதாது என்பவர் மேல்விசாரணை கோரலாம். இங்கே அரசு கடனாளி.

பட்டாசு ஆலையில் உயிர் போகும்போது முதலில் வருவது கருணைதான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளம் ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் 3 லட்சம் ரூபாயும் பிரதமர் 2 லட்சம் ரூபாயும் அறிவித்தனர். பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து 20 லட்சம் ரூபாய் என நிர்ணயித்தது. முன்னவை அறிவிப்பில் பிறந்த தொகைகள். பின்னது விசாரணையில் பிறந்தது. ஆலை தனியாருடையது என்றாலும் உரிமம் தருவதும் கண்காணிப்பதும் அரசின் வேலை என்பதால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி ஆலையின் வாசலோடு நின்றுவிடுவதில்லை.

இத்தகைய சாவுகளை விதி என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலையும் உண்டு. சிலப்பதிகாரம் இதற்கு ஆழமான விடை வைத்திருக்கிறது. கோவலன் கொலையுண்டது முற்பிறவி வினையால் என்று அந்தக் காப்பியமே சொல்கிறது. ஆனாலும் பாண்டியனை அது விடுவிக்கவில்லை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பியது மன்னனின் பிழை. கண்ணகி இரக்கத்தைக் கேட்டு வரவில்லை, வழக்குரைக்க வந்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். மன்னனும் அந்தச் சான்றுக்குத் தலைவணங்கினான். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு வினை விடை சொல்லலாம். யார் பொறுப்பு என்ற கேள்வியை அது அழிப்பதில்லை.

அரசே முதலில் ஆராய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி, மாநில அரசின் மீது வழக்குத் தொடுக்குமுன் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். கோரிக்கை நியாயமானால் வழக்கில்லாமலே தீர்த்துவைக்கத்தான் அந்த அவகாசம். பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் தெளிவாக இருப்பதில்லை என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பதிலளிக்கவென்றே ஓர் அதிகாரியை நியமிக்கவும் பணித்தது.

கருவூலம் மக்களுடையது, பொய்க் கோரிக்கைக்கு அதைத் திறந்துவிடுவதும் அறமன்று. ஆகவே கண்டிப்பான ஆய்வு தேவை. ஆனால் ஆய்வு என்ற பெயரில் காலம் கடத்தினால் அதுவே இரண்டாவது இழப்பாகிவிடும். சாவு விழுந்த வீட்டுக்கு உடனடி உதவி கருணையாக வரலாம், வரவும் வேண்டும். அதைக் கொடுத்ததாலேயே கடன் தீர்ந்துவிடாது. இழப்பை அளந்து, பொறுப்பை உணர்ந்து, காரணத்தை எழுத்தில் சொல்லிக் கொடுக்கும்போதே அரசின் கடன் தீர்கிறது.