பிறந்த வீட்டுப் பாடம்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குப் பத்து ஒப்புமைகளைக் கூறினார். பிறப்பு, ஆண்டு, உருவு ஆகியவற்றோடு அருளும் உணர்வும் அவற்றுள் அடங்கும். பெண் பார்க்கச் செல்லும் நாம் முன்னவற்றை வினவுகிறோம், பின்னவற்றை வினவுவதில்லை. இல்லறம் முறிவது பெரும்பாலும் அந்த வினவாத இடத்தில்தான்.

அருளும் உணர்வும் பிறந்த வீட்டில் உருப்பெறுகின்றன. குழந்தைக்கும் அதனைப் பேணுவோர்க்கும் இடையிலான பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு அடிப்படை என்றார் ஆங்கிலேய உளவியல் அறிஞர் ஜான் பௌல்பி. 1987இல் அமெரிக்க ஆய்வாளர்களான சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் வளர்ந்தோரின் காதலிலும் அப்பிணைப்பின் சாயலைக் கண்டனர். அச்சமின்றி நெருங்குவோர், நெருக்கத்திற்கு அஞ்சி விலகுவோர், இழந்துவிடுவோமோ என்று ஏங்குவோர் என மூவகையினரை அவர்கள் காட்டினர். ஏங்குபவரும் விலகுபவரும் மணந்துகொண்டால், ஒருவர் நெருங்க நெருங்க மற்றவர் ஒதுங்குவார். பகை சிறிதும் இன்றியே இருவரும் களைத்துப் போவர்.

இத்தகையோர் ஒருவரையொருவர் விரும்பி ஏற்பதும் உண்டு. மனம் பல வேளைகளில் நல்லதைவிடப் பழகியதையே நாடுகிறது. முகங்கொடுத்துப் பேசாத தந்தையின் மகள், பேசாமையையே ஆண்மை என்று எண்ணக்கூடும். குற்றமே காணும் தாயிடம் வளர்ந்தவன், அன்பு பழிச்சொல்லாகவே வரும் என்று கருதக்கூடும்.

ஊரில் கூட்டுக் குடும்பத்துக் குழந்தை பாட்டன் பாட்டி, சித்தப்பா சித்தி எனப் பல இணைகளைக் கண்டு வளர்ந்தது. தில்லியிலோ மும்பையிலோ இரண்டு அறை வீட்டில் வளரும் நம் குழந்தை நாள்தோறும் காண்பது ஓர் இணையை மட்டுமே. அலுவலகத்துச் சினத்தை நாம் இல்லத்தில் இறக்கும்போது பிள்ளைகள் விழித்திருக்கின்றனர். நாம் சமாதானம் ஆகும்போது அவர்கள் உறங்கிவிடுகின்றனர். பூசலை முழுதும் கற்றவர்கள், அது தீரும் வழியைக் கல்லாமலே மணமேடை ஏறுகின்றனர்.

குழந்தைப் பருவம் மாற்றவொண்ணாத தலைவிதி அன்று. நல்ல துணையால் பழைய அச்சம் தெளிந்தோர் பலர். கொடுமையைப் பொறுத்துக் கிடப்பதே இல்லறம் என்றும் நான் கூறவரவில்லை. ஆயினும் பெற்றோர் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வள்ளுவர் தம் நூலை ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நிறைவு செய்தார். ஊடல் இல்லாத வீடு இல்லை. நேற்றிரவு பிள்ளைகள் முன் கடிந்து பேசியிருந்தால், இன்று காலை அவர்கள் முன்னிலையிலேயே, 'நான் சொன்னது தவறு' என்று துணையிடம் கூறுவோம்.