எத்தனை விநாடி, எங்கே?

முதுமை மருத்துவத்தில் எளிமையான சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1986இல் மதியாஸ், நாயக், ஐசக்ஸ் ஆகியோர் முன்வைத்தது. 1991இல் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் அதில் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு முதியோரின் நடமாட்டத்தை ஆராயப் போகிறவர்கள் பழகும் கருவிகளில் இதுவும் ஒன்று.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு எண்கள்மேல் மரியாதை உண்டு. 2011இல் ஸ்டூடென்ஸ்கி குழு 34,485 முதியவர்களின் தரவுகளை ஆராய்ந்தது. இயல்பாக வேகமாக நடப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பது அதில் தெரிந்தது.

எண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் காலமெல்லாம் உழைத்த ஒரு பெண், "முழங்கால் பிடிச்சுக்குது" என்று சொன்னால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு ஒரே வரியில் பேச்சை முடித்துவிடும். "போன வருஷம் 12 விநாடி, இப்போ 18" என்று ஒருவர் எழுதிவைத்தால் அந்தப் பேச்சை அவ்வளவு லேசாக முடிக்க முடியாது. அளப்பதும் ஒருவகையில் காதுகொடுத்துக் கேட்பதுதான்.

ஆனால் இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் 18 விநாடி. ஒருத்தி தெருமட்டத்தில் குடியிருக்கிறாள். தினமும் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். இன்னொருத்தி மாடியில், கைப்பிடி இல்லாத செங்குத்தான படிக்கு மேலே. அவள் கீழே இறங்கி மாசக்கணக்காகிறது. எண் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றா? விநாடியை மட்டும் பார்க்கிறவர் குறையை முழுக்க அவள் முழங்காலில் வைத்துவிடுகிறார். படிக்கட்டைக் கட்டியவர் தப்பித்துக்கொள்கிறார்.

இந்தக் கேள்விக்கு வேலூரிலேயே ஒரு வாழ்க்கை சாட்சியாக இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவானது. நாற்காலியிலிருந்து எழும் சோதனையில் அவர் ஒருநாளும் தேறியிருக்க மாட்டார். ஆனால் எத்தனையோ பேரை நடமாட வைத்தவர் அவர்.

"அவங்க டாக்டர், பின்னால ஒரு ஆஸ்பத்திரியே இருந்தது. ஷூ தைச்ச அம்மாவுக்கு யார் இருக்கா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் சொல்லவருவதும் அதையேதான். மேரி வர்கீஸின் மன உறுதி பெரிது. அதோடு, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று யோசித்த மனிதர்களும் அவரைச் சுற்றி இருந்தார்கள். நடமாட்டம் பாதி காலில் இருக்கிறது. மீதி சுற்றியிருப்பவர்களிடம் இருக்கிறது. அந்த மீதியைத் தனிமனித உறுதியின் கணக்கில் எழுதுவது அநீதி.

அதனால், கடிகாரத்தோடு வரும் இளம் ஆய்வாளர் விநாடிக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விகளையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கடைசியாக எங்கே போக ஆசைப்பட்டீங்கம்மா? எது தடுத்தது?

பதில் "முழங்கால்" என்றால் உடற்பயிற்சி சொல்லித்தரலாம். "படிக்கட்டு" என்றால் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்ல வேண்டும். "கூட வர ஆள் இல்லை" என்றால், அந்தப் பதில் ஆய்வாளருக்கு மட்டுமானது இல்லை.