அடைக்கலப் பூனையும் ஆசிரியர் கடனும்

சைவப் பள்ளிக்கூட ஆசிரியர்களே,

உயிர்களிடத்து இரக்கமே சிவபத்திக்கு வித்தென்று நாம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுகின்றோம். சொல்லிய பாடத்துக்குரிய பரீட்சை சிலபொழுது நம்முடைய வகுப்பறை வாயிலிலே வந்து நிற்கும். உடப்புசல்லாவைத் தோட்டத்து மாணவி ஒருத்தி, பனி மூடிய காலையிலே தேயிலைக் கானோரத்திற் கிடந்த பூனைக்குட்டி ஒன்றை ஏந்தி, லயத்துக்குக் கொண்டுபோயினாள் என்க. மூன்றாநாள் அக்குட்டி உணவு ஒழிந்து, வாந்தியும் கழிச்சலும் உற்று முடங்குகின்றது. வைத்தியருக்கும் மருந்துக்கும் வண்டிக்கும் ஆகும் செலவைக் கேட்ட தந்தையார், "எடுத்த இடத்திலேயே விட்டுவிடு" என்கின்றார். அவள் உம்மிடம் வந்து, "ஐயா, நான் எடுத்து வந்தது பிழையா?" என்று வினாவினால், யாது விடை கூறுவீர்?

அத்தந்தையாரை இரக்கமற்றவரென்று பிள்ளை முன்னே இகழ்தல் ஆசிரியருக்குத் தகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துக்குத் தட்டுப்பாடு உண்டாகி, எல்லாப் பண்டங்களும் விலையேறின. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவென்று நிர்ணயிக்கப்பட்டது. அரிசியும் மாவும் கொப்பியும் இத்தகைய கூலிக்குள்ளே அடங்கல் வேண்டும். அவர் அஞ்சுவது பூனையையன்று, கடனையே என்றறிக.

ஆயினும், "சந்தையிலே விலைபெறாத பூனைக்கு இத்துணைச் செலவா?" என்னும் சொல்லைச் சைவர் ஒப்புதல் ஆகாது. திருவாரூரிலே தேர்க்காலில் அகப்பட்டிறந்த கன்றுக்காகப் பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபொழுது, மனுநீதிகண்ட சோழர் அக்கன்றின் விலையை வினாவினாரல்லர். பிராயச்சித்தஞ் செய்து அமையலாமென்று அமைச்சர் கூறியதற்கும் அவர் இசைந்திலர். மதுரையிலே தாயை இழந்து பசித்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டுக்கும் சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப்பன்றியாய் எழுந்தருளி முலை கொடுத்தாரென்று திருவிளையாடற் புராணம் கூறும். இறைவர் இழிவென்று எண்ணாத பணியை அடியவர் இழிவென்று எண்ணலாமோ?

"அக்குட்டி தன் வினைப்பயனை நுகர்கின்றது, நாம் ஏன் இடைப்புகுதல் வேண்டும்?" என்பாரும் உளர். மாணிக்கவாசக சுவாமிகள் தாம் எடுத்திளைத்த பிறவிகளை எண்ணுமிடத்து விலங்குப் பிறவியையும் உடன்வைத்தருளினார். நாமும் அவ்வழியே வந்தவர்கள். நோய் அவ்வுயிரின் வினையால் வந்ததாயின், அது நம் கண்ணெதிரே வந்தது நமக்கு இடப்பட்ட பணியாலாகும். வினையென்னும் சொல் நம் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது; பிறிதோருயிரின் துன்பத்தைக் கண்டு வாளாவிருத்தற்கு உரியதன்று.

அங்ஙனமாயின், வட்டிக்குக் கடன்பட்டுப் பிள்ளைகள் பசித்திருக்க வைத்தியஞ் செய்தல் வேண்டுமோ எனின், வேண்டா. குங்குலியக்கலய நாயனார் மனைவியார் கொடுத்த தாலியை நெல்லுக்கன்றிக் குங்குலியத்துக்கு மாற்றியது அருள்வழி நின்றாருடைய செயல். அதனை விதியாக்கி ஏழையின்மேற் சுமத்தலாகாது. கைவிடாமையே அறம், கைவிடாதவர் தம் ஆற்றலளவிற் செய்தல் குற்றமன்று. ஆதலால் அம்மாணவிக்கு, "எடுத்தது பிழையன்று, இனிச் செய்யத்தக்கதை அறிந்து செய்வோம்" என்பதே விடையாம்.

பெருஞ்செலவிற் பல, அறியாமையாலும் தாமதத்தாலும் விளைவன. குளிர்மிக்க இம்மலைநாட்டிலே சின்னஞ்சிறு குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள மாட்டாது. வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகே வைத்து, உடல் சூடேறிய பின்பே உணவூட்டுக. பசுப்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். வீட்டிலுள்ள பனடோலை ஒருபோதும் கொடாதொழிக. பரசிற்றமோல் என்னும் அம்மருந்தைப் பூனையின் ஈரல் முறிக்கமாட்டாது. அது குருதியைக் கெடுத்து, ஒரு மாத்திரையளவிலேயே உயிரைப் போக்கவுங் கூடும். நாய்க்குரிய தெள்ளுமருந்திற் சேரும் பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு.

குடற்புழு மருந்தும், ஏறக்குறைய எட்டாம் வாரத்திலே தொடங்கும் தடுப்பூசியும் முன்செலவாகத் தோன்றினும், பின்செலவைத் தடுப்பன. குட்டிகளை விரைந்து கொல்லும் பான்லூக்கோபீனியா என்னும் கொள்ளைக்கழிச்சல் தடுப்பூசியால் விலக்கத்தக்கது. வாந்தியும் கழிச்சலும் கூடிய குட்டியையும், சிறுநீர் கழிக்கமாட்டாது முக்கும் ஆண்பூனையையும் அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்க. மறுநாள் என்பது பிந்திய நாளாகும். பூனை கடித்தாலும் கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக. விசர்நோய் தோன்றியபின் மருந்து பெரும்பாலும் பலியாது.

பிரதேசங்களிலே அரச மிருக வைத்திய அலுவலகங்கள் உள்ளன. முதலில் அங்கே வினாவுக. அரிய நோயாயின், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை உண்டு. எங்குச் செல்லினும், கையிலுள்ள தொகையை வைத்தியருக்கு முதலிலேயே சொல்லுக. அத்தொகைக்குள்ளே முன்செய்யத்தக்கது யாது, ஒத்திவைக்கத்தக்கது யாது என்று அவர் வகுத்துரைப்பார். வறுமையை மறைத்தல் பூனைக்கும் நன்றன்று, வீட்டுக்கும் நன்றன்று.

வண்டிச்செலவைப் பலர் பகிர்ந்தால் ஒருவருக்கும் சுமையாகாது. ஆயினும், வகுப்பிலே பணம் பிரித்துப் பிள்ளைகளை நாணச்செய்யாது, ஆசிரியர் தம் கையிலிருந்து தொடங்குக, விரும்பினவர் சேர்க.

இவ்வளவுஞ் செய்தும் அவ்வுயிர் பிரியுமாயின், "வீணாயிற்று" என்று சொல்லற்க. கானோரத்திலே குளிரிற் றனித்து மாளவேண்டிய உயிர், ஒரு கையின் சூட்டை அறிந்து நீங்கிற்று. அச்சூட்டைக் கொடுத்த பிள்ளையின் நெஞ்சிலே இரக்கம் வேரூன்றிற்று. புராணபடனத்தாலே நாம் வளர்க்க முயல்வதும் அவ்விரக்கத்தையேயன்றோ? அது வாடாதபடி காத்தலே ஆசிரியர் கடன். எல்லாவுயிர்க்கும் தாயும் தந்தையுமாகிய சிவபெருமானுடைய திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.