மன்றாட்டும் பொறுப்பும்

பிறர் மனமாற வேண்டி மன்றாடுவோர், அம்மன்றாட்டு நிறைவேறுங்கால் இழப்புறுவார்க்கும் பொறுப்புடையரா? ஆப்பிரிக்க அருட்பணி வரலாற்றில் இவ்வினா தெளிவுற எழுகின்றது. இன்றைய போட்சுவானாவிலுள்ள கொலொபெங்கில் டேவிட் லிவிங்ஸ்டன் பணியாற்றியபோது, பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே 1848இல் திருமுழுக்குப் பெற்றார். அதன்பொருட்டு மனைவியர் ஐவருள் நால்வரைப் பெற்றோரிடம் அனுப்பினார். அவர்பால் குறையேதும் இல்லை, இறைவிருப்பைப் பின்பற்றவே பிரிவதாகவும் சொல்லியனுப்பினார். அம்மகளிரின் உறவினர் பணித்தளத்திற்குப் பகையாயினர். அப்பகையைத் தம் இடர்களுள் ஒன்றாக லிவிங்ஸ்டன் 1857இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகின்றார். ஆயின், மன்றாட்டுக்குரிய இடர் பணியாளருடையது மட்டுமன்று. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்னும் நெறி உயர்ந்ததே. எனினும், குற்றமற்றோர் மணவாழ்வை இழப்பதனால் அந்நெறி நிறைவேறுமாயின், அவ்விழப்பை ஈடுசெய்தல் வேண்டினோர் கடனாகும். தம் இடர் நீங்க வேண்டுமுன் தம்மால் இடருற்றோரை நினைதலே மன்றாட்டின் முதல் அறம் எனலாம்.