அழையாமல் வரும் அழைப்பு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கிறது. முன்பின் அறியாத ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்தின் குரல், பிள்ளையின் பெயரையும் பாடப் பிரிவையும் சொல்லிப் பேசத் தொடங்குகிறது. “ஆறே மாதப் பயிற்சி, வேலை நிச்சயம், சில இடங்களே மீதி, முன்பணத்தை இன்றே கட்டிவிடுங்கள்” என்கிறது. இந்தக் குரலுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? சிறிய கேள்விபோல் தோன்றினாலும் இது ஒழுக்கத்தைச் சார்ந்த கேள்வியே.

நம்மில் பலர் “வேண்டாம்” என்று சொல்லக் கூசுகிறோம். வந்தவரை உபசரித்துப் பழகியவர்களாதலால், பேசுகிறவரைப் பாதியில் நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். மரியாதை மனிதருக்கு உரியது. நம்பிக்கை உண்மைக்கு உரியது. முதலாவதை எவருக்கும் மறுக்கலாகாது. அந்தக் குரலுக்கு உரியவர் பெரும்பாலும் நம் பிள்ளைகளைப் போன்ற ஓர் இளைஞர், சம்பளத்துக்காகப் பேசுகிறவர். அவரை வைவது தர்மமன்று. இரண்டாவதையோ கேட்டவுடன் கொடுக்க நமக்குக் கடமையில்லை. நிரூபிக்கும் பொறுப்பு அழைத்தவருடையது.

“சந்தேகிப்பது அன்புக்கு விரோதமல்லவா?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒருவரை மோசக்காரர் என்று தீர்ப்பிடுவது வேறு. அவர் சொல்லை விசாரிப்பது வேறு. நேர்மையான நிறுவனம் விசாரணைக்கு அஞ்சாது. தன் விலாசம், அங்கீகாரம், கட்டணம், அதைத் திருப்பித் தரும் விதி யாவற்றையும் எழுத்தில் கொடுக்கும். நாளைவரை பொறுத்தும் இருக்கும். அவசரப்படுத்துவதே முதல் அபாய அறிகுறி. தேர்ச்சியோ வேலையோ நிச்சயம் என்று பயிற்சி நிலையங்கள் பொய் வாக்களிப்பதையும், இடங்கள் தீர்ந்துவிடும் என்று பொய்யாகத் துரிதப்படுத்துவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 நவம்பர் நெறிமுறைகள் தடுக்கின்றன. இணையவழிக் கல்வி நிறுவனங்களுக்கு நம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுப்பதைத் தவிர்க்கும்படி மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது.

இந்த வியாபாரத்தில் முதலாக வைக்கப்படுவது எது? கடன் வாங்கியாவது பிள்ளையைக் கரையேற்ற வேண்டும் என்ற தாய் தகப்பனின் ஆசையே. அந்த ஆசை நல்லது. ஆனால் விவேகம் இல்லாத நல்ல ஆசை பிறர் கையில் கருவியாகிவிடும். அடகு வைத்த நகை போய்விட்டால் பிள்ளையின் உண்மையான படிப்புக்கு எதைக் கொண்டு செலவழிப்பது? ஊரறிந்த அரசு ஐ.டி.ஐ.யில் முதலில் விசாரியுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகளும் உண்டு.

வேறொரு கடமையும் உண்டு. “ஐந்து பேருடைய எண்களைத் தாருங்கள், கட்டணத்தைக் குறைக்கிறோம்” என்று அவர்கள் கேட்பதுண்டு. அயலார் நம்மை நம்பித் தந்த எண், நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருள். அதைத் தள்ளுபடிக்கு விற்பது சிறிய துரோகமே.

ஏமாந்த குடும்பத்தை எவரும் ஏளனம் செய்யலாகாது. வெட்கத்தால் அவர்கள் வாய் மூடிக்கொண்டால் அடுத்த வீடும் ஏமாறும். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுப்பதற்கும் அவற்றைப் பற்றிப் புகார் செய்வதற்கும் 1909 என்ற எண் இருக்கிறது.

ஆதலால் பெற்றோரே, இந்தப் பதிலை வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள்: “தம்பி, விவரங்களை எழுத்தில் அனுப்புங்கள். விசாரித்துவிட்டு, வேண்டுமானால் நாங்களே அழைக்கிறோம்.” இதில் பொய்யுமில்லை, கோபமுமில்லை. நேர்மையானவருக்கு இது போதும். நேர்மையற்றவருக்கும் இதற்குமேல் நாம் கடன்பட்டவர்களல்ல.