ஊஞ்சலுக்கு ஒரு ஞாயிறு

மொட்டையாகக் கிடந்த திருவண்ணாமலை மலையில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டு மரங்களை வளர்த்த 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்பினர், அடிவாரத்தில் பிள்ளைகள் விளையாட ஒரு பூங்காவையும் அமைத்தார்கள். காடு வளர்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை.

நம் ஊர்த் திடலைப் பாருங்கள். ஊஞ்சல் சங்கிலி துருவேறி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. சறுக்குமரத் தகரம் கிழிந்து பிள்ளைகளின் தொடையைக் கீறுகிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், கொத்தனார் ஒருவர், மண்வெட்டியோடு பத்துப் பேர் வந்தால் பாதி வேலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். சித்திரை வெயிலில் இரும்பு கொதிக்கும். நிழலுக்குப் புங்கன் நடுங்கள். மீதியைக் கிராம சபையில் கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உட்பட ஆண்டுக்கு 6 முறை அது கூடுகிறது. கேட்டதைத் தீர்மானமாக எழுதவையுங்கள்.